தரகர் இல்லாமல் வீட்டை விற்பது: பத்திரம் எடுப்பதிலிருந்து சாவி கொடுப்பது வரை

வீட்டை விற்கலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் விளம்பரம் போடுகிறார்கள். யாராவது கூப்பிட்டு விலை கேட்கும்போதுதான் விலையைப் பற்றி யோசிக்கிறார்கள். வந்தவர் பத்திரத்தைப் பார்க்கலாமா என்று கேட்ட பிறகுதான் பீரோவைத் திறக்கிறார்கள். இந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். முதலில் பத்திரம், அடுத்து விலை, அதற்கப்புறம் விளம்பரம். இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் போகிறது.

தரகர் ஆள் கொண்டுவருகிறார், விலை சொல்கிறார், வீட்டைக் காட்டுகிறார், பேரம் பேசுகிறார், இரண்டு பக்கமும் முறுக்கிக்கொள்ளும்போது சமாதானம் செய்கிறார். இவற்றையெல்லாம்விடப் பெரிய வேலை ஒன்றும் செய்கிறார். முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் நின்று, 'பயப்படாதீர்கள், நான் இருக்கிறேன்' என்கிறார். அவர் இல்லையென்றால் இந்த வேலைகள் எல்லாம் உங்கள் தலைமேல் வந்து உட்காரும். ஆள் பிடிப்பதையும் வீட்டைக் காட்டுவதையும் யாரும் கற்றுக்கொள்ளலாம். அந்தக் கடைசி வேலைதான் கடினம். உங்களை யாரென்றே தெரியாத ஒருவர் தன் வாழ்நாள் சேமிப்பை உங்களிடம் கொடுக்கப் போகிறார். அவருக்கு நம்பிக்கை தர உங்களிடம் இருப்பவை இரண்டே இரண்டு: ஒழுங்கான ஆவணங்கள், ஒளிவுமறைவில்லாத பேச்சு.

இறங்குவதற்கு முன்

சொந்தமாக விற்றால் விலை அடிபடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அமெரிக்காவின் மேடிசன் நகரில் உரிமையாளர்களே விளம்பரம் செய்து விற்ற வீடுகளையும், தரகர்களின் பட்டியல் வழியாக விற்ற வீடுகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2009-ல் வெளிவந்தது. தரகர் வழியே போனவர்களுக்கு விலை கூடுதலாகக் கிடைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் சொந்தமாக விற்றவர்களுக்கு நாள் அதிகம் பிடித்தது. அவர்களில் ஒரு பகுதியினர் பாதியில் தரகரிடமே போய்ச் சேர்ந்தார்கள். கமிஷனை மிச்சப்படுத்த நீங்கள் கொடுக்கப்போவது நேரம்தான் என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் ஸ்டீவன் லெவிட்டும் சாட் சைவர்சனும் ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்தார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்து, சுமார் 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்றிருந்தார்கள். காரணம் எளிது. விலை கொஞ்சம் ஏறினால் அதில் தரகருக்கு வருவது சொற்பம். வீடு சீக்கிரம் கைமாறினால் அவர் அடுத்த வேலைக்குப் போய்விடலாம். விற்பது அவருடைய சொந்த வீடு என்றால் அவரும் பொறுமையாகத்தான் இருக்கிறார். நீங்களும் அந்தப் பொறுமையோடு இறங்குங்கள்.

எல்லோருக்கும் இது சரிப்படாது. நீங்கள் வேறு நாட்டில் இருக்கிறீர்கள், வீட்டைக் காட்ட நம்பகமான ஆள் இல்லை என்றால் வேண்டாம். பங்காளிகளுக்குள் வழக்கு நடக்கிறது, ஒரு மாதத்துக்குள் பணம் வந்தே ஆகவேண்டும் என்ற நிலையிலும் வேண்டாம். அவசரத்தில் விற்பவரின் குரல் தொலைபேசியிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆவணங்கள்: இங்கேதான் அதிக நேரம் போகும்

முதலில் உங்கள் நாட்டில் உரிமையை எது நிரூபிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக இரண்டு முறைகள் உண்டு. 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறையில், அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பதிவேடே ஆதாரம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகள் இந்த வழியில் நடக்கின்றன. இந்தியாவிலும் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் நிலைமை வேறு. அங்கே பத்திரம் பதிவாகிறது, ஆனால் உரிமைக்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குச் சொத்து எப்படி வந்தது என்பதைச் சங்கிலியாகக் காட்டவேண்டும். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தாலும் வாங்குபவரின் வழக்கறிஞர் அங்கேதான் விரலை வைப்பார்.

ஆகவே விளம்பரம் போடுவதற்கு முன்பே உங்கள் செலவில் ஒரு வழக்கறிஞரிடம் போய், 'வாங்குபவரின் வழக்கறிஞராக இருந்தால் இதில் என்ன குறை கண்டுபிடிப்பீர்கள்?' என்று கேளுங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் இப்போதே பதில் தேடிவிட்டால், பின்னால் முன்பணம் வாங்கியபிறகு நெஞ்சு படபடக்காது. பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பது, தந்தை இறந்தபிறகு வாரிசுகளின் பெயரில் மாற்றாமல் விட்டது, அடைத்து முடித்த கடன் பதிவேட்டில் இன்னும் நீக்கப்படாமல் கிடப்பது, அனுமதி வாங்காமல் மாடியில் கட்டிய அறை என்று வழக்கமாக மாட்டிக்கொள்ளும் விஷயங்கள் நான்கைந்துதான். எல்லாமே தீர்க்கக்கூடியவை. ஆனால் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் இழுப்பவை. அந்த வாரங்களை வாங்க வந்தவரை உட்கார வைத்துக்கொண்டு செலவழிக்கக் கூடாது.

வீடு இரண்டு மூன்று பேர் பெயரில் இருந்தால் எல்லோரும் கையெழுத்துப் போடத் தயாரா என்று இப்போதே கேளுங்கள். 'தம்பி ஒன்றும் சொல்லமாட்டான்' என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். தம்பியிடம் விலையையும் சொல்லி, ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூரில் இருக்கும் பங்குதாரர் என்றால் அவர் தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அனுமதி தரும் அதிகாரப் பத்திரத்தை அனுப்ப எத்தனை நாள் ஆகும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வீட்டின்மேல் கடன் இருந்தாலும் விற்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வங்கியிடம் இன்றைய தேதிக்கு எவ்வளவு பாக்கி, முன்கூட்டி அடைத்தால் ஏதாவது கட்டணம் உண்டா, அடைத்தபின் அசல் பத்திரம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாங்குபவருக்கு இந்தக் கடிதத்தைக் காட்டினால் போதும். அவர் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி நேராக வங்கிக்கே போகும்படி ஏற்பாடு செய்யலாம்.

இவற்றோடு வீட்டின் வரைபடம், கட்டட அனுமதி, வரி ரசீதுகள், மின்சார, தண்ணீர் ரசீதுகள், அடுக்குமாடி என்றால் சங்கத்தின் பாக்கியில்லாச் சான்று, பழுதுபார்த்த வேலைகளின் பில்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். முதல் பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று கையால் ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். வீடு பார்க்க வந்தவர் அந்தக் கோப்பைப் புரட்டும்போது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்வதை நானே பார்த்திருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. பத்திரத்தின் முழு நகலைக் கேட்டவருக்கெல்லாம் கைபேசியில் அனுப்பாதீர்கள். ஆள்மாறாட்டம் செய்து அடுத்தவர் சொத்தை விற்பவர்களுக்கு அதுதான் மூலதனம். நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். பேச்சு உறுதியானபின் நகல் கொடுத்தாலும், ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காக யாருக்காக, என்ன தேதியில் கொடுத்தது என்று எழுதிக் கொடுங்கள்.

விலை: மனசு சொல்வதும் சந்தை சொல்வதும்

நாம் வாங்கிய விலை, செலவழித்த பணம், நம் அடுத்த தேவை ஆகிய மூன்றையும் கூட்டித்தான் மனசு ஒரு விலையைச் சொல்லும். வாங்குபவருக்கு இந்த மூன்றும் பொருட்டே இல்லை. பக்கத்தில் இதேபோன்ற வீடு என்ன விலைக்குப் போனது என்பது மட்டும்தான் அவர் கணக்கு.

1990-களில் பாஸ்டன் நகரின் அடுக்குமாடி விற்பனைகளை டேவிட் ஜெனிசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2001-ல் எழுதினார்கள். வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்கவேண்டிய நிலையில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிக விலை சொன்னார்கள், வீடும் விற்காமல் நெடுநாள் கிடந்தது. நட்டத்தை ஏற்க மனசு வராததுதான் காரணம். நமக்கும் அப்படித்தான் இருக்கும். அது இயல்புதான். ஆனால் அந்த வலியை விலைச்சீட்டில் எழுத முடியாது.

சரி, விலையை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் கடந்த ஆறு மாதத்துக்குள் விற்ற, ஏறக்குறைய உங்கள் வீட்டைப்போலவே உள்ள மூன்று முதல் ஐந்து வீடுகளைத் தேடுங்கள். இணையத்தில் பார்ப்பது கேட்கும் விலை. உங்களுக்கு வேண்டியது விற்ற விலை. பதிவு அலுவலகத்தின் பொதுத் தகவல், அண்மையில் விற்ற அக்கம்பக்கத்தார், வீட்டுக்கடன் தரும் வங்கி அதிகாரி ஆகியோரிடமிருந்து அது கிடைக்கும். ஆனால் பதிவுத் தாளில் காட்டிய தொகையும் உண்மையில் கைமாறிய தொகையும் ஒன்றாக இல்லாத இடங்களும் உண்டு, அதையும் மனதில் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றோடும் உங்கள் வீட்டை ஒப்பிட்டுக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். அது மூலை வீடா, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, எத்தனை வருடப் பழசு, எத்தனையாவது மாடி, வெளிச்சம் எப்படி? புதுச் சமையலறைக்குச் செலவழித்த பணம் முழுவதும் திரும்பி வராது. பாதி வந்தால் மகிழ்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு மதிப்பீட்டாளரை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் கமிஷனோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அவர் அறிக்கை பேரத்தின்போது உங்களுக்கு ஒரு சாட்சியாகவும் நிற்கும்.

மதிப்பீட்டாளரிடம் நீங்கள் நினைத்திருக்கும் விலையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1987-ல் வெளிவந்த ஒரு சோதனையில், அரிசோனாவின் டூசான் நகரில் ஒரே வீட்டைப் பல தரகர்களிடம் காட்டி, ஆளுக்கு ஒரு கேட்பு விலையைச் சொல்லி மதிப்பிடச் சொன்னார்கள். அதிக விலை சொல்லப்பட்டவர்கள் அதிகமாகவும், குறைந்த விலை சொல்லப்பட்டவர்கள் குறைவாகவும் மதிப்பிட்டார்கள். அந்த எண் தங்களைப் பாதித்ததைப் பெரும்பாலான தரகர்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை. வாங்குபவர் மனதிலும் முதலில் விழும் எண்ணுக்கு இதே பலம் உண்டு. எனவே 'நீங்களே ஒரு விலை சொல்லுங்கள்' என்று அவர் கையில் விடாதீர்கள். விளம்பரத்திலேயே விலையைப் போடுங்கள்.

பேரத்துக்கு இடம் விட்டுப் போடலாம், ஆனால் அளவோடு. இணையத்தில் வீடு தேடுபவர்கள் 'இவ்வளவு வரை' என்று ஒரு வரம்பு வைத்துத்தான் தேடுகிறார்கள். எல்லோரும் வைக்கும் வட்டமான எண்ணுக்கு ஒரு சின்னத் தொகை மேலே போட்டால்கூட, அந்த வரம்புக்குள் தேடுபவர் கண்ணில் உங்கள் வீடு படவே படாது. அப்புறம் ஒரு காகிதத்தில் 'இதற்குக் கீழே கொடுக்கமாட்டேன்' என்ற தொகையை எழுதி, வீட்டில் உள்ளவர்களும் ஒப்புக்கொண்டபின் மடித்து வைத்துவிடுங்கள். பேரம் சூடாகும்போது அந்தக் காகிதம் உதவும்.

வீட்டைத் தயார் செய்வதும், ஒரு கறையின் கதையும்

பெரிய செலவு வேண்டாம். ஒழுகும் குழாய், எரியாத விளக்கு, ஆடும் கைப்பிடி, உடைந்த சுவிட்ச், இறுகிப்போன கதவு ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். சின்னப் பழுதைப் பார்ப்பவர், பெரிய பழுதையும் இவர்கள் இப்படித்தான் விட்டிருப்பார்கள் என்று கணக்குப் போடுவார். வீட்டில் இருக்கும் பொருள்களில் மூன்றில் ஒரு பங்கையாவது கட்டி ஓரம் வையுங்கள். காலியான தரை அறையைப் பெரிதாகக் காட்டும்.

குறைகளைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டின் பின்அறையில் குளியலறையை ஒட்டிய சுவரில் ஈரக்கசிவு இருந்தது. குழாயை மாற்றிக் கசிவை நிறுத்தியாகிவிட்டது, ஆனால் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை மிஞ்சியது. அலமாரியை இழுத்து அதை மறைத்து வைத்திருந்தோம். வீடு பார்க்க வந்த ஓர் அம்மா அறை முழுவதும் பார்த்துவிட்டு, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. விரலை மட்டும் முகர்ந்து பார்த்தார். அவர்கள் திரும்பக் கூப்பிடவே இல்லை.

அடுத்தவர் வருவதற்குள் அலமாரியை நகர்த்திவிட்டோம். கறையைக் காட்டி, 'இந்த இடத்தில் கசிந்தது, குழாயை மாற்றினோம், இதோ பில், அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது' என்று சொன்னோம். அவர் பில்லைப் பார்த்தார், தலையாட்டினார், அடுத்த அறைக்குப் போனார். அவ்வளவுதான். குறையை நீங்கள் சொன்னால் அது ஒரு தகவல். அவராகக் கண்டுபிடித்தால் அது ஒரு சந்தேகம். தரகர் நடுவில் இல்லாதபோது அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைக்க யாரும் வரமாட்டார்கள்.

சில நாடுகளில் இது சட்டமாகவே இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவருபவரே கட்டடத்தின் நிலையைப் பற்றிய அறிக்கைக்கு ஏற்பாடு செய்து வாங்குபவருக்குத் தரவேண்டும். அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால், ஈயம் கலந்த வண்ணத்தைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். உங்கள் நாட்டில் என்ன சொல்லவேண்டும் என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் நீங்களே ஒரு பக்கத்தில் குறைகளை எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் 'மறைத்துவிட்டீர்கள்' என்று யாரும் வர முடியாது.

விளம்பரம்

படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். திரைச்சீலைகளைத் திறந்து, விளக்குகளையும் போட்டு, கைபேசியைக் குறுக்காக, நெஞ்சு உயரத்தில் பிடித்து, அறையின் மூலையிலிருந்து எடுங்கள். அகலக் கோணத்தில் எடுத்தால் சின்ன அறையும் கூடம்போல் தெரியும், உண்மைதான். ஆனால் நேரில் வந்தவர் வாசலிலேயே ஏமாந்து நிற்பார். ஒவ்வோர் அறைக்கும் ஒரு படம், வெளித்தோற்றம், தெரு, பால்கனியிலிருந்து தெரியும் காட்சி ஆகியவை போதும். நகை, விலையுயர்ந்த பொருள்கள், குழந்தைகளின் படங்கள், சாவிக்கொத்து எதுவும் படத்தில் வரக்கூடாது. கையால் வரைந்து அளவு எழுதிய தளப்படம் ஒன்றைச் சேர்த்தால், வீணாக வந்துபோகும் ஆட்கள் பாதி குறைவார்கள்.

எழுத்தில் 'அருமையான', 'அழகான' என்பவற்றைத் தவிர்த்து அளவுகளைச் சொல்லுங்கள். கட்டிய வருடம், பரப்பளவு, எந்தத் திசை, எத்தனை அறை, தண்ணீர் வசதி, வண்டி நிறுத்துமிடம், மாதப் பராமரிப்பு, விலை, எப்போது காலி செய்வீர்கள். கடைசியில் 'உரிமையாளரே நேரடியாக விற்கிறார்' என்று ஒரு வரி. இணையத் தளங்களோடு நின்றுவிடாதீர்கள். வாசலில் ஒரு பலகை, குடியிருப்பின் குழு, அலுவலக நண்பர்கள் எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள். வாங்குபவர் பல நேரம் அதே தெருவில் வாடகைக்கு இருப்பவராகவோ, அங்கே குடியிருப்பவரின் உறவினராகவோ இருப்பார்.

தொலைபேசி

முதல் நாளில் வரும் அழைப்புகளில் கணிசமானவை தரகர்களிடமிருந்துதான் இருக்கும். 'கையில் பார்ட்டி இருக்கிறது' என்பார்கள். 'நேரடியாகத்தான் விற்கிறோம்' என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டை விற்றுத்தரும் உரிமை இந்தத் தரகருக்கு மட்டுமே என்ற வாசகம் சின்ன எழுத்தில் இருந்தால், நீங்களே ஆள் பிடித்து விற்றாலும் கமிஷன் கொடுக்க வேண்டிவரலாம்.

உண்மையான வாங்குபவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: குடியிருக்கவா, முதலீட்டுக்கா? பணம் கையில் இருக்கிறதா, கடன் என்றால் வங்கி முன் ஒப்புதல் கொடுத்துவிட்டதா? தங்கள் வீட்டை விற்றால்தான் இதை வாங்க முடியுமா? எப்போது தேவை? பேசியவர் பெயர், தேதி, சொன்ன பதில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்துப் பேருக்கு மேல் ஆனதும் யார் என்ன சொன்னார் என்று குழம்பிப்போகும்.

வீட்டைப் பார்க்காமலே முழு விலைக்கும் சம்மதிப்பவர், கூடுதலாகப் பணம் அனுப்பிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொல்பவர், பணம் போட ஒருமுறைக் கடவு எண் (ஓ.டி.பி.) கேட்பவர் என்று இப்படி யார் வந்தாலும் அங்கேயே தொடர்பைத் துண்டித்துவிடுங்கள்.

வீட்டைக் காட்டும்போது

தனியாக இருந்து காட்டாதீர்கள், எப்போதும் வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும். வருபவரின் பெயரையும் எண்ணையும் முன்பே வாங்கி, வந்ததும் அடையாள அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நகை, மருந்து, வங்கிக் காகிதங்கள் பூட்டில் இருக்கட்டும்.

அப்புறம், பேச்சைக் குறையுங்கள். நம் வீடு என்ற பாசத்தில் ஒவ்வோர் அறைக்கும் கதை சொல்லத் தோன்றும். வாங்குபவர் அந்த அறையில் தன் கட்டிலை மனதுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைக் கலைக்காதீர்கள். அவர்கள் முன்னால் போகட்டும், நீங்கள் இரண்டடி பின்னால் வாருங்கள். குழாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், சன்னலைத் திறந்து மூடச் சொல்லுங்கள். ஏன் விற்கிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். உண்மையை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். பணத்தேவை என்றால் அதை மட்டும் விவரிக்க வேண்டியதில்லை, 'வேறு ஏற்பாடு செய்கிறோம்' என்றால் போதும்.

முதல் இரண்டு மூன்று வாரங்களில் நடப்பதை வைத்து நிலைமையை எடைபோடலாம். அழைப்பே வரவில்லையென்றால் விலையிலோ விளம்பரத்திலோ கோளாறு. பலர் வந்து பார்க்கிறார்கள், ஒருவரும் விலை பேசவில்லையென்றால் படத்துக்கும் நேருக்கும் வித்தியாசம், அல்லது அந்த விலைக்கு வேறு நல்ல வீடு பக்கத்தில் இருக்கிறது. போனவர்களில் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு, 'ஏன் வேண்டாம் என்று முடிவெடுத்தீர்கள், சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்' என்று கேளுங்கள். சொல்வார்கள். விலையைக் குறைப்பதென்றால் ஒரே முறை, கண்ணுக்குத் தெரிகிற அளவில் குறையுங்கள். வாரம் ஒரு துளி குறைத்தால் இன்னும் இறங்கும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள்.

பேரம்

யார் என்ன விலை சொன்னாலும் அந்த இடத்திலேயே பதில் சொல்லாதீர்கள். 'வீட்டில் பேசிவிட்டு நாளை சொல்கிறேன்' என்பது மரியாதையான பதில், நல்ல பதிலும்கூட. சொன்ன விலை மிகக் குறைவாக இருந்தாலும் கோபப்பட வேண்டாம். மதிப்பீட்டு அறிக்கையையும் பக்கத்தில் விற்ற விலைகளையும் காட்டி உங்கள் எண்ணைச் சொல்லுங்கள். சொன்னபின் மௌனமாக இருங்கள். அந்த மௌனம் தாங்காமல் நாமே இறங்கி வருவதுதான் பழகாதவர்கள் செய்யும் தவறு.

தொகையை மட்டும் பார்க்காதீர்கள். கொஞ்சம் குறைவாகக் கேட்டாலும் பணம் கையில் இருப்பவர், தன் வீட்டை விற்றபின்தான் கொடுக்க முடியும் என்று அதிகம் சொல்பவரைவிடப் பாதுகாப்பானவர். எத்தனை நாளில் முடிப்பார், எவ்வளவு முன்பணம், கடன் உறுதியா என்பதையும் தொகையோடு சேர்த்து எடைபோடுங்கள். மின்விசிறி, விளக்கு, திரைக்கம்பி, தண்ணீர் சூடேற்றி, சமையலறை அலமாரி ஆகியவற்றில் எது வீட்டோடு போகும், எதை எடுத்துப்போவீர்கள் என்று இப்போதே பேசி எழுதிவிடுங்கள். இவ்வளவு பெரிய விலையில் ஒத்துப்போனவர்கள் இரண்டு மின்விசிறிக்காகக் கடைசி நாளில் சண்டை போட்டுக்கொள்வது உண்டு.

ஒப்பந்தமும் பணமும்

விலை முடிந்ததும் வாய்வார்த்தையில் நிற்காதீர்கள். உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞர், அவருக்கென்று ஒரு வழக்கறிஞர் இருக்கட்டும். இருவருக்கும் ஒரே ஆள் என்பது மிச்சம்போலத் தோன்றும், சிக்கல் வந்தால் அவர் யார் பக்கமும் பேச முடியாது. ஒப்பந்தத்தில் சொத்தின் விவரம், முழு விலை, முன்பணம், மீதி எந்தத் தேதிக்குள், வீட்டுக் கடனை யார் எப்படி அடைப்பது, பதிவுச் செலவு யாருக்கு, காலி செய்யும் தேதி, கூடவே போகும் பொருள்கள் எல்லாம் இருக்கவேண்டும். வாங்குபவரின் வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் என்ன, யாராவது பின்வாங்கினால் முன்பணம் என்ன ஆகும் என்ற இரண்டு வரிகளைத்தான் எல்லோரும் பேசக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டையும் கட்டாயம் எழுதுங்கள்.

முன்பணம் வங்கி வழியாக, வாங்குபவர் கணக்கிலிருந்தே வரட்டும். கணக்கில் ஏறியதை உங்கள் வங்கியில் நீங்களே பார்த்தபின் விளம்பரத்தை எடுங்கள். பணம் போட்டதற்கு ஆதாரமாக அவர் கைபேசியில் அனுப்பும் படத்தை நம்பாதீர்கள். விலையில் ஒரு பகுதியைக் கையில் ரொக்கமாகக் கொடுத்துப் பத்திரத்தில் குறைத்துக் காட்டலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். சட்டத்துக்கு விரோதம் என்பதோடு, பின்னால் தகராறு வந்தால் அந்தப் பணத்துக்கு உங்களிடம் எந்த ஆதாரமும் இருக்காது. வழக்கறிஞரின் பொறுப்புக் கணக்கில் பணத்தை வைத்து, பதிவு முடிந்தபின் விடுவிக்கும் வழக்கம் உங்கள் நாட்டில் இருந்தால் அதுவே நல்லது. அப்போதும், 'கணக்கு எண் மாறிவிட்டது' என்று மின்னஞ்சல் வந்தால் பழைய தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் யாரும் பணம் அனுப்பக்கூடாது என்று வாங்குபவரிடமும் சொல்லிவையுங்கள்.

வரி விஷயத்தை ஒப்பந்தத்துக்கு முன்பே கணக்காளரிடம் கேளுங்கள். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள லாபத்துக்குப் பல நாடுகளில் வரி உண்டு. சொந்தமாகக் குடியிருந்த வீட்டுக்குச் சலுகை தரும் நாடுகளும் உண்டு. வீட்டை மேம்படுத்திய செலவின் பில்கள் இங்கே உதவும். நீங்கள் வெளிநாட்டில் குடியிருந்துகொண்டு விற்கிறீர்கள் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். இந்தியா, அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் அப்படிப்பட்ட விற்பனையில், முறையான சான்றிதழோ விலக்கோ இல்லாவிட்டால் வாங்குபவரே ஒரு தொகையைப் பிடித்து அரசுக்குக் கட்டவேண்டும். இதை அவர் அறியாமல் இருந்து கடைசி நாளில் தெரிந்தால் எல்லாம் நின்றுபோகும். முன்கூட்டியே நீங்களே சொல்லிவிடுங்கள்.

சாவி

முழுப் பணமும் வந்து, பதிவும் முடியும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். 'நல்ல நாளில் ஒரு பெட்டியை மட்டும் வைத்துக்கொள்கிறோம்', 'வண்ணம் அடிக்க ஆரம்பிக்கிறோம்' என்று கேட்பார்கள். கேட்பவர் நல்லவராகவே இருக்கலாம், இருந்தாலும் மறுத்துவிடுங்கள். ஒருவர் உள்ளே வந்துவிட்டபின் விற்பனை முறிந்தால் வீட்டை மீட்பதே ஒரு வழக்காகிவிடும். வீட்டுக் காப்பீட்டையும் பதிவு நாள்வரை நிறுத்தாதீர்கள்.

பதிவு நாளன்று காலையில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வாருங்கள். எழுதிய பட்டியலில் உள்ள பொருள்கள் இருக்கின்றனவா என்று அவர் பார்க்கட்டும். மின்சார, தண்ணீர், எரிவாயு மானிகளின் எண்களைத் தேதியோடு படமெடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். இணைப்புகளையும் வரிக் கணக்கையும் அவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் கொடுங்கள். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று சீட்டுக் கட்டி, தண்ணீர் நிறுத்தும் வால்வு எங்கே, எந்தச் சுவிட்ச் எந்த அறைக்கு, வழக்கமாக வரும் குழாய் மெக்கானிக்கின் எண் என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சாவி பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனைப் பத்திரத்தின் நகல், பணம் வந்த வங்கி விவரம், கடன் அடைத்த சான்று, வரி கட்டிய ரசீது எல்லாவற்றையும் அதே பழைய கோப்பில் போட்டு, வரித்துறை கேட்கக்கூடிய வருடங்கள் கடக்கும்வரை பீரோவில் வையுங்கள்.